வலிக்காத புண், அரிக்காத புள்ளி

வாசகர் கடிதம்:

"டாக்டர், எனக்கு 33 வயது. திருப்பூரில் தங்கி வேலை பார்க்கிறேன். மாதம் ஒருமுறை ஊருக்குப் போய் மனைவியோடு இருந்துவிட்டு வருவேன். பொங்கல் முடிந்து திரும்பிய கையோடு ஒரு தவறு நடந்துவிட்டது. மூன்று வாரம் கழித்து ஆணுறுப்பில் ஒரு புண் வந்தது. வலியே இல்லை. மெடிக்கலில் கேட்டு ஒரு களிம்பு வாங்கித் தடவினேன். ஒரு மாதத்தில் ஆறிவிட்டது. சூட்டுப் புண் என்று நினைத்து விட்டுவிட்டேன். இப்போது சித்திரையில் உள்ளங்கை, உள்ளங்கால், முதுகு எல்லாம் கருஞ்சிவப்பாகப் புள்ளிகள். அரிப்பு இல்லை. தொண்டை கரகரக்கிறது, சாயங்காலமானால் லேசாகக் காய்கிறது. பக்கத்து கிளினிக்கில் அலர்ஜி என்று மாத்திரை கொடுத்தார்கள். கூட வேலை செய்பவன் இது சிபிலிஸாக இருக்கும் என்கிறான். மனைவி நான்கு மாத கர்ப்பம். அவளுக்கு ஆரம்பத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். புண்தான் ஆறிவிட்டதே, இந்தப் புள்ளிகளும் தானாகப் போய்விடாதா? எங்களுக்கு மூன்று வயதில் ஒரு பெண் இருக்கிறாள். அவளைத் தூக்கவே பயமாக இருக்கிறது. பெயர் போட வேண்டாம்."

அன்புள்ள தம்பி,

உங்கள் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், இந்தப் புள்ளிகளும் தானாகப் போய்விடும். எந்த மருந்தும் சாப்பிடாவிட்டாலும் இன்னும் சில வாரங்களில் கை, கால், முதுகு எல்லாம் பழையபடி ஆகிவிடும். நான் பயப்படுவதே அதற்காகத்தான். புள்ளி போகும், கிருமி போகாது.

கடிதத்தை மட்டும் வைத்து ஒரு நோயை உறுதி செய்ய முடியாது. ரத்தம் எடுத்துப் பார்த்தாக வேண்டும். ஆனாலும் நீங்கள் எழுதியிருக்கும் வரிசையைப் படித்ததும் என் மனதில் முதலில் வந்தது சிபிலிஸ்தான், அதிலும் இரண்டாம் நிலை. உங்கள் நண்பர் சொன்னதைத் தட்டிவிடாதீர்கள். இதைப் படித்த மறுநாளே மருத்துவமனைக்குப் போங்கள். உங்கள் மனைவியையும் இந்த வாரத்துக்குள் அழைத்துப் போயாக வேண்டும். ஏன் இந்த அவசரம் என்று கீழே சொல்கிறேன்.

உடலுறவு வழியாகத் தொற்றும் இந்த சிபிலிஸ் நம் ஊருக்குப் புதிதில்லை. மேகநோய், கிரந்தி, பறங்கிப்புண் என்று பாட்டன் காலத்திலிருந்து பெயர் இருக்கிறது. போர்ச்சுகீசியர் வந்த பிறகு பரவியதால் 16ஆம் நூற்றாண்டு ஆயுர்வேத நூலான பாவப்பிரகாசம் இதைப் பிரங்க ரோகம், அதாவது பறங்கியர் நோய், என்றே எழுதியது. இதற்கு மருந்தாகக் கொடுத்ததால்தான் பறங்கிப்பட்டை என்ற நாட்டுமருந்துச் சரக்கும் அவ்வளவு பிரபலமானது. டிரெபொனிமா பாலிடம் என்ற, திருகாணி போலச் சுருண்ட, மிக மெல்லிய கிருமிதான் காரணம் என்று 1905இல் பெர்லினில் ஷாடின், ஹாஃப்மன் என்ற இருவர் கண்டுபிடித்தார்கள். 1943இல் பெனிசிலின் இதைக் குணமாக்கும் என்று தெரிந்தது. இன்றும் அதே பெனிசிலின்தான் முதல் மருந்து. இத்தனை வருடத்தில் இந்தக் கிருமி அந்த மருந்தை எதிர்த்து நிற்கக் கற்றுக்கொள்ளவே இல்லை. இதை நீங்கள் நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளலாம்.

சரி, உங்கள் உடம்பில் என்ன நடந்திருக்கும் என்று பார்ப்போம்.

கிருமி உள்ளே போன நாளிலிருந்து 10 முதல் 90 நாட்களுக்குள், பெரும்பாலும் மூன்று வாரத்தில், அது நுழைந்த இடத்தில் ஒரு புண் வரும். உங்களுக்கும் மூன்று வாரம்தான். சாதாரணமாக ஒரே ஒரு புண் இருக்கும், சிலருக்கு இரண்டு மூன்றும் வரலாம். வட்டமாக, அடிப்பகுதி சுத்தமாக, சீழ் இல்லாமல் இருக்கும். கையுறை போட்டு இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தால் தோலுக்கு அடியில் சட்டைப் பட்டன் வைத்துத் தைத்த மாதிரி கெட்டியாகத் தட்டுப்படும். வலி இருக்காது. தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கும், அந்த நெறிக்கட்டியும் ரப்பர் போல உருளுமே தவிர வலிக்காது. உங்களுக்கு நெறி கட்டியதா என்று எழுதவில்லை. வலி இல்லாததால் கவனிக்காமல் போயிருக்கலாம்.

வலி இல்லை என்ற ஒரே காரணத்துக்காக இந்தப் புண்ணைச் சூட்டுப் புண் என்று சொல்லி, வெந்தயமும் மோரும் குடித்துவிட்டு இருந்தவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். என்னைக் கேட்டால் பிறப்புறுப்பில் வரும் புண் வலிக்கவில்லை என்றால்தான் சீக்கிரம் மருத்துவரிடம் ஓட வேண்டும். ஹெர்பிஸ் என்ற வைரஸ் நோய் என்றால் சின்னச் சின்னக் கொப்பளமாகக் கூட்டமாக வந்து எரியும், உடைந்து வலிக்கும். அந்த வலியே ஆளை மருத்துவமனைக்கு இழுத்து வந்துவிடும். சிபிலிஸ் புண் அப்படி இழுக்காது. மூன்று முதல் ஆறு வாரத்தில் தானாக ஆறிவிடும். நீங்கள் தடவிய களிம்பு எதையும் ஆற்றவில்லை தம்பி, தடவாமல் இருந்தாலும் அது ஆறியிருக்கும்.

பெண்களுக்கு இந்தப் புண் கருப்பை வாயிலோ உள்பக்கத்திலோ வந்தால் வந்ததே தெரியாது. ஆசனவாயில் வந்தால் வெடிப்பு என்று நினைப்பார்கள். வாய்வழி உறவில் உதட்டிலும் நாக்கிலும் வரும். எங்கே வந்தாலும், புண் ஆறும் நேரத்துக்குக் கிருமி ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போயிருக்கும்.

இனி நீங்கள் இப்போது இருக்கும் கட்டம், அதாவது இரண்டாம் நிலை. புண் வந்து சில வாரத்திலிருந்து சில மாதத்துக்குள் இது தொடங்கும். சிலருக்குப் பழைய புண்ணின் தழும்பு மறையும் முன்பே தொடங்கிவிடும். பாடப்புத்தகப் படங்களில் இந்தப் புள்ளிகள் ரோஜா நிறத்தில் இருக்கும். வெள்ளைத் தோலில் எடுத்த படங்கள் அவை. நம் தோலில் கறுத்த செம்பு நிறமாகத் தெரியும், உடம்பில் கருந்திட்டாகவே கூடத் தெரியும். எங்கள் வெளிநோயாளிப் பிரிவில் இப்படி ஒருவர் வந்தால் ஜன்னல் பக்கம் நிற்கவைத்து இரண்டு உள்ளங்கையையும் விரிக்கச் சொல்வேன். குழல்விளக்கில் தெரியாதது பகல் வெளிச்சத்தில் தெரியும். கைரேகைகளுக்கு நடுவே பருப்பளவு வட்டங்கள், ஒவ்வொன்றின் ஓரத்திலும் மெல்லிய வெங்காயச் சருகு போலத் தோல் உரிந்து ஒரு வளையம். குண்டூசியின் தலைப்பக்கத்தால் ஒரு வட்டத்தை மெதுவாக அழுத்தினால் ஆள் கையை வெடுக்கென்று இழுப்பார். அரிக்காத புள்ளி அழுத்தினால் வலிக்கும். அலர்ஜிக்கு நேர் எதிர் குணம் இது. அலர்ஜித் தடிப்பு என்றால் சொறிந்து சொறிந்து நகக்கீறல் விழுந்திருக்கும்; பெரும்பாலும் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் போய் இப்படி உட்காராது.

உங்களைப் பார்த்த மருத்துவரை நான் குறை சொல்ல வரவில்லை. இரண்டாம் நிலை சிபிலிஸ் படர்தாமரை போலவும் வரும், சொரியாசிஸ் போலவும் வரும், அம்மை போலவும் வரும். நோயாளி பழைய புண்ணைப் பற்றிச் சொன்னால்தான் பிடி கிடைக்கும். நீங்கள் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். கூச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் அடுத்த மருத்துவரிடம் உட்கார்ந்ததும் முதல் வாக்கியமாக அந்தப் புண்ணைச் சொல்லுங்கள்.

தொண்டை கரகரப்பு, மாலைக் காய்ச்சல், தலைவலி, மூட்டுக்கு மூட்டு அலுப்பு, பசியின்மை எல்லாம் இந்தக் கட்டத்தில் சேர்ந்து வருவதுதான். கழுத்தில், அக்குளில், முழங்கைக்குச் சற்று மேலே உள்பக்கத்தில்கூட நெறி கட்டும். தலைமுடி அங்கங்கே எலி கடித்த மாதிரி கொத்துக்கொத்தாக உதிரும், புருவ ஓரமும் போகும். வாய்க்குள்ளே நத்தை ஊர்ந்த தடம் போல வெளுத்த திட்டுகள் வரும். ஆசனவாயைச் சுற்றி ஈரமான, தட்டையான, சாம்பல் நிற முளைகள் வரும். இதை மூலம் என்று நினைத்து ஆறு மாதம் மூலத்துக்கு மருந்து சாப்பிட்டுவிட்டு என்னிடம் வந்தவர் உண்டு. வாய்த்திட்டும் இந்த ஈர முளைகளும்தான் அதிகம் தொற்றக்கூடியவை, அவற்றில் கிருமி கூட்டம் கூட்டமாக இருக்கும்.

கண் மங்கினாலோ, கண் சிவந்து வெளிச்சம் பார்க்க முடியாமல் கூசினாலோ, காதில் இரைச்சலோடு கேட்பது குறைந்தாலோ, கழுத்து விறைத்துக் கடுமையான தலைவலி வந்தாலோ அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கிருமி கண்ணையும் காதையும் மூளையுறையையும் பிடிக்க வருடக்கணக்கில் ஆகும் என்று நினைக்க வேண்டாம். எந்த நிலையிலும் பிடிக்கலாம். அப்படியானால் இடுப்பு ஊசி போதாது, நரம்பு வழியாகப் பெனிசிலின் ஏற்ற வேண்டிவரும்.

இதையும் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும்? புள்ளிகள் மறைந்து நோய் ஒளிந்திருக்கும் காலம் தொடங்கும். பார்க்க ஒன்றும் இருக்காது. ரத்தம் எடுத்தால் மட்டும் தெரியும். நார்வேயின் ஆஸ்லோ நகரில் சீசர் போக் என்ற மருத்துவர், அன்றைய பாதரச மருந்தால் நன்மையைவிடக் கெடுதலே அதிகம் என்று கருதி, 1891 முதல் 1910 வரை சுமார் 2000 நோயாளிகளை மருந்தில்லாமல் விட்டார். பின்னால் வந்தவர்கள் அந்த நோயாளிகளைத் தேடிக் கணக்கெடுத்தபோது, ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குப் புள்ளிகளும் புண்களும் திரும்ப வந்திருந்தன, பெரும்பாலும் முதல் ஆண்டுக்குள். மூன்றில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானவர்களுக்குப் பல வருடம் கழித்து முற்றிய நோய் வந்திருந்தது. தானாகவே போய்விடாதா என்று கேட்டீர்களே, அதற்கு இதைவிடத் தெளிவான பதில் என்னிடம் இல்லை.

முற்றிய நிலையை நான் மேற்படிப்புக் காலத்தில்தான் நேரில் பார்த்தேன். அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர். "முகம் கழுவக் குனிந்து கண்ணை மூடினா குப்புற விழுந்துடறேன் சார்" என்பதுதான் அவர் சொன்ன குறை. நடக்கும்போது காலை உயரத் தூக்கித் தரையில் பொத்தென்று வைத்தார், பார்வை முழுக்கத் தன் பாதத்திலேயே இருந்தது. தண்டுவடத்தின் பின்பக்க நரம்புகள் கெட்டுப்போனதால், பாதம் எங்கே இருக்கிறது என்பது கண்ணால் பார்த்தால்தான் அவருக்குத் தெரிந்தது. டார்ச் அடித்தால் கண்மணி சுருங்கவில்லை. விரலை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் சுருங்கியது. இருபத்தைந்து வயதில் ஒரு புண் வந்ததா என்று கேட்டோம். நெடுநேரம் யோசித்துவிட்டு, "வந்துச்சு, ஒரு மாசத்துல போயிடுச்சு" என்றார். பெனிசிலின் கொடுத்தோம், நோய் மேலும் போகாமல் நின்றது. போன நரம்பு திரும்பவில்லை. வேறு சிலருக்கு இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி பலூன் போல வீங்கும், சிலருக்கு மூளை பாதித்து நினைவும் குணமும் மாறும், எலும்பிலும் தோலிலும் கட்டிகள் வந்து குழிவிழும். பத்து முதல் முப்பது வருடம் கழித்து வருபவை இவை. நீங்கள் அந்த இடத்துக்குப் போகவே வேண்டியதில்லை. இப்போதே மருந்து போட்டுக்கொண்டால் முழுமையாகக் குணமாகும் கட்டத்தில்தான் இருக்கிறீர்கள்.

இனி உங்கள் மனைவி. நான் இந்தப் பதிலை எழுதுவதே முக்கியமாக அவருக்காகவும் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்காகவும்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். இப்போது நாலு மாதம் என்றால் கரு உண்டானது பொங்கலை ஒட்டி. உங்களுக்குக் கிருமி வந்தது அதற்குப் பின். மாசியிலும் பங்குனியிலும் ஊருக்குப் போயிருக்கிறீர்கள், உங்களுக்குப் புண் இருந்த, ஆறிய மாதங்கள் அவை. அவருக்கு ரத்தம் எடுத்தது அநேகமாக மாசியில் இருக்கும். கிருமி உடம்புக்குள் வந்த முதல் சில வாரம் ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாது. அன்று அவருக்குக் கிருமி வராமலே இருந்திருக்கலாம், வந்தும் தெரியாமல் இருந்திருக்கலாம். எப்படிப் பார்த்தாலும் அந்த நார்மல் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு இன்று நிம்மதியாக இருக்க முடியாது.

தாயின் ரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாகக் கிருமி குழந்தைக்குப் போகும். தாய்க்குப் புதிதாக வந்த சிபிலிஸ் என்றால் போகும் வாய்ப்பு மிக அதிகம். கரு கலையலாம், குழந்தை வயிற்றிலேயே இறக்கலாம், குறை மாதத்தில் பிறக்கலாம். நன்றாகப் பிறந்ததாகத் தெரியும் குழந்தைக்குச் சில வாரம் கழித்து விடாத மூக்கொழுகல், உள்ளங்கை உள்ளங்கால் உரிதல், கல்லீரல் வீக்கம் என்று வரலாம், பிற்காலத்தில் கேட்கும் திறன் போகலாம். இத்தனையையும் தடுக்கும் மருந்து விலை குறைந்த ஓர் ஊசி. குறைந்தது பிரசவத்துக்கு 30 நாள் முன்பாவது தாய்க்கு அது போட்டிருக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ குழந்தைக்கு அவ்வளவு நல்லது. நாலாவது மாதத்தில் இதைக் கேட்டிருக்கிறீர்கள், காலம் கடந்துவிடவில்லை. உங்களுக்கு சிபிலிஸ் என்று உறுதியானால், அவருக்கு இன்று ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் ஊசி போடத்தான் வேண்டும். ஏழாவது மாதத்தை ஒட்டி மறுபடியும் ரத்தம் எடுக்க வேண்டும். கர்ப்பிணிக்கு இந்த நோய்க்குப் பெனிசிலின் ஒன்றுதான் மருந்து. ஒவ்வாமை இருந்தால்கூட, பெரிய மருத்துவமனையில் சேர்த்து, துளித்துளியாகக் கொடுத்து உடம்பைப் பழக்கிப் பெனிசிலினே போடுவார்கள்.

பரிசோதனைக்கு எங்கே போவது? எந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பால்வினை நோய்ப் பிரிவு இருக்கும். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் பார்ப்பார்கள். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு நம்பிக்கை மையம் இருக்கிறது. அதையும் சேர்த்து எடுத்துவிடுங்கள்; சிபிலிஸ் புண் இருந்தால் எச்.ஐ.வி. தொற்றுவது சுலபமாகிறது. யாரிடமாவது முதலில் போனில் பேச வேண்டும் என்றால் 1097 என்ற கட்டணமில்லா எண் உண்டு.

ரத்தத்தில் இரண்டு வகைப் பரிசோதனை செய்வார்கள். வி.டி.ஆர்.எல். அல்லது ஆர்.பி.ஆர். என்பது ஒன்று. 1:8, 1:32 என்று அளவு போட்டு வரும். காய்ச்சல், கர்ப்பம், சில மூட்டுநோய்கள் காரணமாகச் சில நேரம் தவறாகவும் பாசிட்டிவ் காட்டும். அதனால் டி.பி.எச்.ஏ. என்ற இரண்டாவதையும் எடுத்து உறுதி செய்வார்கள். இந்த இரண்டாவது, நோய் குணமான பிறகும் பெரும்பாலும் ஆயுள் முழுக்கப் பாசிட்டிவாகவே இருக்கும். பிற்பாடு அதைப் பார்த்து நோய் போகவில்லை என்று பதற வேண்டாம். குணமாவதைக் காட்டுவது முதல் பரிசோதனையின் அளவுதான். இன்று 1:32 என்றால் ஆறு மாதம், ஒரு வருடத்தில் 1:8 அல்லது அதற்கும் கீழே இறங்க வேண்டும். அந்தச் சீட்டுகளைத் தொலைக்காமல் ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

உங்கள் நிலைக்கு மருந்து, பென்சதீன் பெனிசிலின் 24 லட்சம் யூனிட், ஒரே தடவை. இரண்டாகப் பிரித்து இரண்டு பக்க இடுப்பிலும் போடுவார்கள். மருந்து கெட்டியாக இருக்கும், வலிக்கும், அன்று முழுக்க உட்காரும்போது தெரியும். முதலில் டெஸ்ட் டோஸ் போட்டுப் பார்ப்பார்கள். நோய் வந்து வெகுநாள் ஆனவர்களுக்கு வாரம் ஒன்றாக மூன்று தடவை. ஊசி போட்ட அன்று இரவு குளிர்க்காய்ச்சலும் உடம்பு வலியும் வந்து புள்ளிகள் இன்னும் சிவக்கலாம். கிருமிகள் மொத்தமாகச் சாவதால் வருவது அது, ஒருநாளில் அடங்கும், பாராசிட்டமால் போதும். உங்கள் மனைவிக்கு அப்படிக் காய்ச்சலோடு வயிறு இழுத்துப் பிடித்தால் மட்டும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும்.

ஊசி போட்டு, புள்ளிகள் முழுக்க மறைந்து, மருத்துவர் சரி என்று சொல்லும் வரை இருவரும் உறவு வைத்துக்கொள்ள வேண்டாம். ஒருமுறை வந்து குணமானால் மறுமுறை வராது என்பதும் கிடையாது, திரும்பவும் தொற்றும். பொங்கலுக்குப் பின் உங்களோடு இருந்தவருக்கும் எப்படியாவது தகவல் சொல்லிவிடுங்கள். அவருக்கும் ஒரு வீடு, ஒரு குடும்பம் இருக்கலாம்.

மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கடிதம் முழுக்க அந்தக் கேள்வி இருக்கிறது. சத்து ஊசி என்று பொய் சொல்லிப் போட்டுவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள். அவருடைய உடம்பு, அவர் வயிற்றில் இருக்கும் பிள்ளை. எதற்கு ஊசி, எதற்கு மறுபடி ரத்தம் என்று தெரிந்தால்தான் ஏழாம் மாதம் அவரே கேட்டு எடுப்பார். தனியாகச் சொல்லத் தைரியம் வரவில்லை என்றால் மருத்துவமனைக்கே அழைத்துப் போய் மருத்துவர் முன்னிலையில் சொல்லுங்கள். பால்வினை நோய்ப் பிரிவில் ஆலோசகர்கள் இருப்பார்கள், இதைப் பேசிப் பழகியவர்கள். அவர் அழுவார், கோபப்படுவார், அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்றும் சொல்லலாம். அதற்கெல்லாம் அவருக்கு உரிமை உண்டு. எங்கே போனாலும் ஊசியைப் போட்டுக்கொண்டு போகட்டும்.

கடைசியாக, உங்கள் பெண். இந்த நோய் ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, துணியாலோ, கழிவறையாலோ, தூக்கிக் கொஞ்சுவதாலோ பரவுவதில்லை. ஈரமான புண்ணும் திட்டும் நேரடியாகப் பட்டால்தான் தொற்றும். அவள் பிறந்தது நோய் வருவதற்கு மூன்று வருடம் முன்பு, ஆகவே தாய் வழியாகவும் வந்திருக்காது. உங்களுக்குத் தொண்டை கரகரக்கிறது என்பதால் வாயில் திட்டு இருக்கிறதா என்று மருத்துவர் பார்த்து, ஊசியும் போட்டு முடியும் வரை முத்தம் மட்டும் வேண்டாம். மற்றபடி இந்த முறை ஊருக்குப் போனதும் அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொள்ளுங்கள்.